புழங்கிய பொருளே உவமை

(செங்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்திய வடிவம்.)



படைப்பிலக்கியம் கற்பித்தல் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். அந்தப் பெரிய பரப்பில் ஒரு மூலையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். உவமையையும் உருவகத்தையும் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது, எழுதுகிறவர்கள் அவற்றை எப்படிக் கையாள்வது என்பதே என் பேச்சு. பல ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு பள்ளிப் பிள்ளைகளோடு எழுத்துப் பயிற்சி முகாம்களில் உட்கார்ந்து வருகிறேன். இரண்டு அனுபவமும் சேர்ந்து எனக்குள் தேறிய கருத்து ஒன்றுதான். உவமை புழக்கத்தில் பிறக்கிறது. கையால் தொட்டு, காலால் மிதித்து, வாயால் பேர் சொல்லிப் பழகிய பொருள்தான் ஒருவருக்கு உவமையாக வந்து நிற்கும். ஆகவே உவமை கற்பிப்பது என்றால், முதலில் பொருள்களோடு பிள்ளைகளுக்குப் புழக்கம் உண்டாக்க வேண்டும். அணியின் பெயரைச் சொல்லித் தருவது அதற்குப் பின்னால் வர வேண்டிய வேலை.

இதைச் செங்கோட்டையில் நின்று சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. உருவகம் என்பதற்குக் கிரேக்க மொழியில் வழங்கும் சொல்லுக்கு 'ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்வது' என்று பொருள். 1956 நவம்பர் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு இணையும் வரை மலைக்கு அப்பாலிருந்து ஆளப்பட்ட ஊர் இது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக இந்தப் பக்கத்துச் சரக்கு அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்துச் சரக்கு இந்தப் பக்கமும் போய்வருவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் நீங்கள். மலையேற்றிக் கொண்டுபோகிறவனுக்குச் சரக்கின் எடை தெரிந்திருக்க வேண்டும். உவமை சொல்கிறவனுக்கும் அது வேண்டும். இதை ஏழு கூறுகளாக விளக்குகிறேன்.

1. சிங்கனின் கண்

முதல் சான்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு நூல். மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் இந்நூலுக்காகக் கவிராயருக்கு நிலம் மானியமாகக் கொடுத்தார் என்பதும், அந்நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர் என்பதும் இப்பகுதியார் அறிந்த செய்தி.

நூலின் கடைசிப் பகுதியை நினைத்துப் பாருங்கள். ஊர் ஊராகக் குறி சொல்லிப் பரிசு பெற்றுத் திரும்பி நிற்கிறாள் குறத்தி சிங்கி. அவளைத் தேடி அலைந்த கணவன் சிங்கன் எதிரே நிற்கிறான். அவள் உடம்பில் அவன் முன்பு கண்டிராத ஏதேதோ மின்னுகின்றன. காலில் கிடக்கும் சிலம்பைப் பார்த்து, விரியன் பாம்பு கடித்துக்கொண்டு கிடக்கிறதே என்று பதறுகிறான். பாடகத்தின் நெளிவு அவனுக்கு மண்புழுவாகத் தெரிகிறது. கால் கெச்சத்தைக் கண்டு, செத்த தவளையை ஏன் கட்டியிருக்கிறாய் என்று கேட்கிறான். சுண்டுவிரல் பீலி சுருண்டு கிடக்கும் பூச்சியாகிறது. அவள் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி, எந்த நாட்டில் யார் கொடுத்தது என்று பொறுமையாக விடை சொல்கிறாள்.

மேடையில் இது சிரிப்புக்குரிய காட்சி. வகுப்பறையில் இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறவன். பாம்பும் புழுவும் தவளையும் பூச்சியும் அவன் அன்றாடம். பொன்னும் வெள்ளியும் அவனுக்குப் புதியவை. தெரியாத பொருள் கண்முன் வந்தபோது, தெரிந்த பொருளைக் கொண்டு அதைப் பிடிக்கப் பார்க்கிறான். அவனுடைய ஒப்புமைகள் ஒன்றுகூடத் தவறில்லை. வளைந்து கிடப்பது, நெளிவது, சுருள்வது என்று ஒவ்வொன்றிலும் வடிவத்தைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறான். கவிராயர் அவனுக்குப் புலவர் வீட்டு உவமைகளைக் கடன் கொடுக்கவில்லை. அவன் புழங்கிய காட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்.

இதே நூலில் மலைவளம் சொல்லும் இடத்தில் இன்னொரு கற்பனை வருகிறது. தேனருவியின் அலை வானம் வரை எழும்பி வழிய, சூரியனுடைய குதிரைகளின் காலும் தேர்ச் சக்கரமும் வழுக்குகின்றனவாம். உயர்வுநவிற்சி என்று பெயரிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் அருவிக்கரைப் பாசியில் கால் வைத்து ஒருமுறையாவது வழுக்கியவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். வானத்துக் குதிரையின் கால் குற்றாலத்துப் பாறையில்தான் வழுக்குகிறது. எவ்வளவு உயரப் பறந்த கற்பனைக்கும் ஊன்றுகால் இங்கே தரையில் இருக்கிறது.

2. உவமையே பெயரான புலவர்கள்

இரண்டாவது சான்று சங்கத் தொகைநூல்களில் இருக்கிறது. பாட்டுகளைத் தொகுத்தபோது சில புலவர்களின் பெயர் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் அவர்களுக்கு ஊர்ப் பெயரோ குலப் பெயரோ சூட்டவில்லை. அவர்கள் பாட்டில் வந்த தொடரையே பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயல்நீரார், ஓரேருழவர், குப்பைக்கோழியார், மீனெறி தூண்டிலார், விட்டகுதிரையார், கல்பொரு சிறுநுரையார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பட்டியல் நீள்கிறது. இங்கே நான் சொன்ன பெயர்கள் அனைத்தும் உவமையால் வந்தவை. ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் அவர்களை நாம் அறிவது அந்த ஓர் உவமையால்தான்.

அந்தப் பொருள்கள் எவை என்று பாருங்கள். செம்மண்ணில் பெய்த மழைநீர். ஒற்றை ஏர் வைத்திருக்கும் உழவன். குப்பைமேட்டில் ஏவிவிடவோ விலக்கிவிடவோ ஆளில்லாமல் தாமே சண்டையிடும் கோழிகள். மீன் சிக்கியதும் வெடுக்கென்று மேலே போகும் தூண்டில் கோல். கல்லில் மோதி மோதிக் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போகும் நுரை. இரண்டு யானைகள் இரு முனையையும் பற்றி இழுக்கும், புரி தேய்ந்த பழைய கயிறு. அரண்மனைப் பொருள் ஒன்றுகூட இந்தப் பட்டியலில் இல்லை.

ஓரேருழவரை மட்டும் சற்று நின்று பார்ப்போம். வினை முடித்து வீடு திரும்பும் தலைவனின் நெஞ்சு எப்படி அவசரப்படுகிறது? மழை பெய்து நிலம் ஈரப்பட்டிருக்கிறது; இருப்பதோ ஒற்றை ஏர். அந்த உழவனைப் போல. ஏர் நான்கு வைத்திருப்பவனுக்கு இந்தப் பதற்றம் கிடையாது. ஈரம் காயும் முன் உழுதாக வேண்டும், ஆளும் தானே, மாடும் ஒரே சோடி என்ற நிலையில் உள்ளவனுக்குத்தான் அந்த ஓட்டம் தெரியும். உழவனோடு வாழ்ந்த ஒருவர்தான் இதைச் சொல்லியிருக்க முடியும். வறுமை, அவசரம், நம்பிக்கை, பருவம் என்ற நான்கையும் ஓர் ஏர் சுமந்துவிட்டது.

3. தொல்காப்பியர் உவமையை வைத்த இடம்

'புழக்கத்திலிருந்து உவமை' என்பது புதுக் கொள்கை என்று யாரும் எண்ண வேண்டாம். நம் முதல் இலக்கணத்திலேயே அது இருக்கிறது.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் ஒன்பது இயல்கள். உவமவியல் ஏழாவது. அதற்கு முன்னால் மெய்ப்பாட்டியல், பின்னால் செய்யுளியல். மனத்தில் தோன்றிய உணர்வு உடம்பில் வெளிப்படுவதைச் சொல்லிவிட்டு, செய்யுளின் கட்டுமானத்துக்குப் போகும் முன், நடுவில் உவமையை வைத்தார். அணி என்று அதைத் தனியே பிரித்து நகைப்பெட்டியில் போடவில்லை. 12ஆம் நூற்றாண்டில் தண்டியலங்காரம் வடமொழித் தண்டியின் வழியில் பொருளணிகளை 35 ஆக வகுத்தபோது, உருவகம் தனி அணியாக உட்கார்ந்தது. அந்த வகைப்பாட்டால் நமக்கு நன்மை உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் தண்டியார் மட்டும் நின்று, தொல்காப்பியர் மெல்ல வெளியே போய்விட்டார்.

அவர் உவமைக்கு நான்கு அடிப்படை சொன்னார்: வினை, பயன், மெய், உரு. ஒரு பொருள் செய்யும் செயல், அதனால் விளையும் பயன், அதன் வடிவம், அதன் நிறம். உவமை எந்த நோக்கத்தில் பிறக்கிறது என்பதற்கும் நிலைக்களன் சொன்னார்: சிறப்பு, நலன், காதல், வலிமை, இவற்றோடு ஒன்றைத் தாழ்த்திச் சொல்லுதலும் சேரும். 'எதைப் போல?' என்பதோடு நில்லாமல் 'ஏன் அப்படிச் சொல்லத் தோன்றியது?' என்றும் கேட்ட இலக்கணம் நம்முடையது.

எனக்கு இவற்றையெல்லாம் விடப் பெரிதாகப் படுவது இன்னொரு விதி. உள்ளுறை உவமம் யார் வாயில் எப்படி வர வேண்டும் என்று வரையறுக்கிறார். தலைவி சொன்னால் அது அவள் அறிந்த பொருளாக இருக்க வேண்டும். தோழி சொன்னால் அந்த நிலத்தைக் கடந்து போகக் கூடாது. தலைவன் சொன்னால் அவனுடைய அறிவு வலிமைக்கு ஏற்ப அமையலாம். பெண்ணின் உலகை அக்கால வழக்கப்படி சுருக்கிச் சொன்னதை நாம் இன்று அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் விதியின் உள்ளிருக்கும் எழுத்துக்கலை உண்மையை ஏற்றாக வேண்டும்: ஒரு பாத்திரத்தின் உவமை அந்தப் பாத்திரம் புழங்கும் உலகத்திலிருந்து வர வேண்டும். இன்றைக்குச் சிறுகதை எழுதுகிற ஒவ்வொருவரும் மேசைமேல் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டிய பாடம் இது. கதையில் வரும் மீன்காரப் பெண்மணி, எழுத்தாளர் படித்த புத்தகத்திலிருந்து உவமை எடுத்துப் பேசினால் அந்த நொடியே அவர் கதையை விட்டு வெளியேறிவிடுகிறார்.

4. பேச்சில் உறங்கும் உருவகங்கள்

அமெரிக்காவில் ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் என்ற இரு அறிஞர்கள் 1980இல் ஒரு நூல் எழுதினார்கள். உருவகம் கவிஞர்களின் தனிச்சொத்து இல்லை. நாம் நினைப்பதும் பேசுவதுமே உருவகத்தால்தான் என்று நிறுவினார்கள். நேரத்தைச் 'செலவழிக்கிறோம்', வாதத்தில் 'தோற்கிறோம்' என்பவை அப்படிப்பட்டவை.

தமிழில் இதைக் காட்ட நம் ஊர்ச் சொற்களே போதும். ஆனி பிறந்ததும் நீங்கள் எதிர்பார்க்கும் சாரலை எடுத்துக்கொள்ளுங்கள். சாரல் என்றால் முதலில் மலைச்சரிவு. மலைச்சரிவைச் சார்ந்து வந்த தூறலுக்கும் அந்தப் பெயரே ஆகி வந்தது. இன்று 'சாரல் விழுது' என்கிறோம். மலை தன் பெயரை மழைக்குக் கொடுத்ததை மறந்துவிட்டோம். இடவாகுபெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க, வகுப்பின் சன்னலைத் திறந்தால் போதும்.

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு 1904இல் ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையில் கழுதுருட்டிக்குப் பக்கத்தில் உள்ள பாலத்தைப் பதின்மூன்று கண் பாலம் என்கிறோம். வளைவைக் 'கண்' என்று முதலில் சொன்னவர் யார் என்று கேட்டால் விடை இல்லை. பெயர் தெரியாத அந்தக் கொத்தனாரோ வழிப்போக்கரோ ஒரு கவிஞர். தேங்காய்க்குக் கண், ஊசிக்குக் காது, குடத்துக்குக் கழுத்து, மலைக்கு அடி, தண்ணீர் போகும் வழிக்கு வாயும் காலும் சேர்ந்து வாய்க்கால். தன் உடம்பைக் கொண்டு உலகத்துக்குப் பெயர் வைத்திருக்கிறது மொழி. உடம்பைவிட மனிதன் அதிகம் புழங்கிய பொருள் வேறு எது?

இன்னும் ஆழமாகவும் போகலாம். நம் மொழியில் அன்பு குளிர்ச்சி, கருணை ஈரம். 'மனசு குளிர்ந்தது' என்கிறோம், 'ஈர நெஞ்சம்' என்கிறோம். அரசனின் அருளுக்குத் 'தண்ணளி' என்று பெயர். துன்பமோ வயிற்றெரிச்சல், கொதிப்பு, வேக்காடு. குளிர்நாட்டு மொழிகளில் அன்பு வெப்பமாக இருக்கிறது. அவர்களுக்குக் கணப்புதான் வீடு. வெயில் நாட்டாருக்கு நிழலும் நீரும்தான் வீடு. மொழிபெயர்க்கும்போது 'வெதுவெதுப்பான வரவேற்பு' என்று எழுதினால் தமிழ்க் காது சுளிப்பது இதனால்தான். தட்பவெப்பமே உருவகத்தைத் தீர்மானிக்கிறது என்றால், ஓர் ஊரின் வேலையும் விளையாட்டும் சாப்பாடும் எவ்வளவு தீர்மானிக்கும்!

5. வகுப்பறையில் என்ன நடக்கிறது

இவ்வளவு செல்வத்தை வைத்துக்கொண்டு வகுப்பறையில் என்ன செய்கிறோம்? மலர்முகம் என்றால் உவமைத்தொகை, முகமலர் என்றால் உருவகம் என்று சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லின் இடம் மாறினால் பொருள் மாறுகிறது என்பது அருமையான பாடம்தான். ஆனால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறோம். 'இப்பாடலில் பயின்று வந்துள்ள அணி யாது?' என்ற கேள்வியில் தொடங்கி அதிலேயே முடிகிறது.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்தப் பள்ளி என்பது வேண்டாம். உவமை அணிக்குச் சான்று தருக என்ற கேள்விக்கு ஒரு மாணவன் சொந்தமாக எழுதியிருந்தான். கூட்டத்தில் தொலைந்த தன் தம்பியைத் தேடும்போது நெஞ்சு, செக்கில் தேங்காய் நசுங்குவதைப் போல நசுங்கியது என்று எழுதினான். அவன் அப்பா எண்ணெய்ச் செக்கில் வேலை பார்ப்பவர். விடைத்தாளில் அதற்குச் சுழி போட்டுப் பக்கத்தில் 'முத்துப் போன்ற பல்' என்று சிவப்பு மையில் திருத்தியிருந்தார்கள். அந்தச் சிவப்பு மை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அந்த வகுப்பில் முத்துச்சிப்பியைக் கையில் எடுத்துப் பார்த்த பிள்ளை ஒன்றுகூட இருந்திருக்காது. தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு ஓய்ந்தே அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. பிள்ளை தன்னிடம் இருந்ததைக் கொடுத்தான். நாம் அதை வாங்கி எறிந்துவிட்டு, அவனிடம் இல்லாததைக் கேட்டோம்.

இதன் விளைவை வளர்ந்தவர்களின் எழுத்தில் பார்க்கலாம். 'கனவுகளின் சிறகுகள்', 'சோகத்தின் நதி', 'நினைவுகளின் கல்லறை' என்று இரண்டு சொற்களை ஒரு வேற்றுமை உருபால் ஒட்டிவிட்டால் கவிதையாகிவிடும் என்று நம்புகிறோம். அந்தச் சோக நதி எந்த ஊர் வழியாக ஓடுகிறது? கோடையில் வற்றுமா? அதில் யார் துணி துவைக்கிறார்கள்? விடை இல்லை, ஏனென்றால் எழுதியவர் அந்த நதியில் இறங்கியதே இல்லை.

நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் மாணவர்களை எவற்றைக் கொண்டு விளக்கினார் என்று நினைத்துப் பாருங்கள். அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி. நல்லாசிரியர் ஆகாதவருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. ஒருவன் நீர் ஊற்றி வளர்க்க, வளைந்துபோய் அடுத்த வீட்டு முற்றத்தில் காய் போடும் தென்னைதான் முடத்தெங்கு. தென்னந்தோப்புகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு அந்த மரத்தைத் தெரியும். அதனால் ஏற்படும் வேலித் தகராறும் தெரியும். ஆனால் நாம் அந்த மரத்தடிக்குக் கூட்டிப் போகாமல், உரையை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். கற்பித்தல் பற்றிய இலக்கணமே உவமையால் ஆனது. அதையும் உவமை செத்துப்போகும்படி கற்பிக்கிறோம்.

6. கற்பிக்கும் வழி

அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில், உருவகத்தில் தேர்ச்சி பெறுவது ஒன்றை மட்டும் பிறரிடமிருந்து கற்க முடியாது, அது இயல்பான திறமையின் அடையாளம் என்றார். ஒற்றுமையைக் காணும் மின்னல் வெட்டை யாரும் யாருக்கும் ஊட்ட முடியாது என்ற அளவில் அவர் சொன்னது சரி. ஆனால் மின்னல் வெட்டுவதற்கு மேகம் திரள வேண்டும். மேகத்தைத் திரட்டுவது ஆசிரியரால் முடியும். என் முகாம்களில் பயன் தந்த நான்கு பயிற்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பெயரேடு. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் நடக்கும் ஒரு தொழிலின் சொற்களைத் தொகுக்க வேண்டும். தென்னை என்றால் பாளை, குரும்பை, மட்டை, ஈர்க்கு, சில்லாட்டை. பீடி சுற்றும் வீடு என்றால் சுளகு, இலை, தூள், நூல், கட்டு. வயல் என்றால் மடை, வரப்பு, தொளி. எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்குச் சொல்லகராதி தந்தார். அந்தப் பெருமுயற்சியின் சிறு வடிவத்தை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் செய்யலாம். பெயர் தெரியாத பொருள் உவமையாக வராது.

இரண்டாவது, நான்கு கேள்வி. தொல்காப்பியரின் வினை, பயன், மெய், உரு என்பவற்றை அப்படியே கேள்விகளாக்கினேன். அருவியைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் உடனே 'வெள்ளைச் சேலை' என்பார்கள். அது உரு. சரி, அருவி என்ன செய்கிறது என்று கேட்டேன். ஒரு பெண், தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்து ஆச்சி முதுகில் அறைவதைப் போல அடிக்கிறது என்றாள். அது வினை. அருவியால் என்ன பயன் என்று கேட்டேன். குற்றாலத்தில் சீசன் கடை வைத்திருப்பவர் மகன் எழுந்தான். வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் சித்தப்பா மாதிரி. வந்தால் வீட்டில் கறிக்குழம்பு, வரத் தாமதமானால் கடன் என்றான். வகுப்பே அமைதியாகிவிட்டது. ஒரே அருவியை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அந்த அருவியை நம்பிச் சாப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

மூன்றாவது, வாய் மாற்றுதல். 'அவளறிந்த பொருள்' என்ற விதியே இதற்கு அடிப்படை. ஒரே நிலவை, புளியரைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்கும் லாரி ஓட்டுநர் வாயாலும், இரவுப் பணி செவிலியர் வாயாலும், பரோட்டா மாவு பிசைகிறவர் வாயாலும் சொல்லச் சொல்வேன். ஒருவருடையதை இன்னொருவர் வாயில் வைத்தால் பொருந்தக் கூடாது. பொருந்தினால் மறுபடியும் எழுத வேண்டும்.

நான்காவது, அடித்துப் பார்த்தல். எழுதி முடித்ததும் 'போல' வரும் தொடரை அடித்துவிட்டுப் படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது வெறும் பூச்சு. அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும். பொருள் ஊனப்பட்டால் அது உயிருள்ள உவமை, திரும்ப எழுதுங்கள். ஒரு பக்கத்தில் ஓர் உவமை தங்கினால் போதும். ஓரேருழவருக்கு ஓர் ஏர்தான் இருந்தது.

இந்தப் பயிற்சிகளில் எனக்குக் கிடைத்த பரிசு ஒன்றுண்டு. பீடி சுற்றும் தாயின் மகள் ஒருத்தி எழுதினாள். தூங்கும்போதும் அம்மாவின் விரல்கள் வளைந்தே இருக்கின்றன, இலையில்லாமல் எதையோ சுற்றுவதைப் போல. அவளுக்கு உவமை அணி என்றால் என்ன என்று அப்போது தெரியாது. அதற்கு மறுநாள்தான் நான் அணியின் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். பெயர் அவள் மனத்தில் உடனே ஒட்டிக்கொண்டது. ஒட்டுவதற்கு அங்கே ஒரு பொருள் இருந்தது.

7. ஊருக்குள்ளேயே அடைத்துவிடுகிறோமா?

இப்படிக் கற்பித்தால் பிள்ளைகளைக் கிராமத்துப் பொருள்களுக்குள் அடைத்துவிடமாட்டோமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. புழக்கம் என்பதற்குப் பழமை என்று பொருளில்லை. இன்றைய பிள்ளை கைப்பேசியோடு புழங்குகிறது. மலைப்பாதையில் ரயில் குகைக்குள் நுழைந்ததும் பேச்சு அறுபடுவதை வைத்து, அப்பாவுக்கும் தனக்கும் இடையிலான உறவை ஒரு மாணவன் எழுதினான். 'சிக்னல்' அவனுக்குப் புழங்கிய பொருள். தயங்காமல் ஏற்றுக்கொண்டேன்.

வாசிப்பும் ஒரு புழக்கம்தான். இதற்குக் குற்றாலமே சாட்சி. ரசிகமணி டி.கே.சி. இங்கே வாழ்ந்தார்; ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். கம்பனின் ஒரு பாட்டை எடுத்து, வாய்விட்டுச் சொல்லி, திரும்பச் சொல்லி, அதன் உணர்ச்சி கேட்பவர் உடம்பில் ஏறும் வரை அவர் விடமாட்டார். கம்பராமாயணத்தில் அவர் பல பாட்டுகளை ஒதுக்கியதை நான் ஏற்பவன் இல்லை. ஆனால் கவிதையைக் கைப்பொருள் போலப் புழங்கச் சொல்லித்தந்த ஆசான் அவர். அவருக்குப் பின் இதே குற்றாலத்தில் கவிஞர் கலாப்ரியா முன்னின்று நடத்திய கவிதைப் பட்டறைகள், எழுதுகிறவர்கள் கூடி உட்கார்ந்து கவிதையைக் கூறு பிரித்துப் பேசுவதற்கு வழி செய்தன. ஆகவே உவமை கற்பிப்பது இந்த மண்ணுக்குப் புதிய வேலை இல்லை. விட்டுப்போன கண்ணியைப் பிடித்துக்கொள்வதுதான் நாம் செய்ய வேண்டியது.

தன் ஊர்ப் பொருளை நன்றாக அறிந்தவனுக்கு அயலூர்ப் பொருளும் கைவரும். கணவாயைக் கடக்க வேண்டும் என்றால் இந்தப் பக்கத்து அடிவாரத்திலிருந்துதான் ஏற வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பாடத்திட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். வினாத்தாளைத் திருத்தும் அதிகாரமும் நமக்கு வேண்டாம். அடுத்த முறை ஒரு செய்யுளை நடத்தும்போது, 'இதில் வந்துள்ள அணி எது?' என்று கேட்பதற்கு முன்னால், 'இதை நீ எங்கே பார்த்திருக்கிறாய்?' என்று ஒரு பிள்ளையிடம் கேளுங்கள். அது சொல்லும் விடையை, எவ்வளவு எளிய விடையாக இருந்தாலும், கரும்பலகையில் எழுதுங்கள். தன் வீட்டுப் பொருள் பலகையில் ஏறியதைப் பார்த்த பிள்ளை, தன் வீட்டைப் பற்றி எழுதத் தயங்காது.